ஓபினெல் மடக்குக் கத்தியின் மரப்பிடியைக் கடுக்காயாலும் இரும்பாலும் கறுப்பாக்கும் முறை

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ஆம் ஆண்டு ஜோசப் ஓபினெல் என்ற இளைஞர் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி, இன்றும் அவருடைய பெயரிலேயே விற்பனையாகிறது. அதன் எட்டாம் எண் கத்தியே பலருக்கும் அறிமுகமானது. எட்டரை சென்டிமீட்டர் அலகு, கடைந்தெடுத்த மரப்பிடி, அலகைப் பிடியோடு சேர்க்கும் ஆணி, கழுத்தில் அசையாத ஓர் உலோக வளையம், அதன்மேல் சுழன்று அலகைப் பூட்டும் இன்னொரு வளையம் என ஐந்தே உறுப்புகள் கொண்டது. பூட்டு வளையம் மட்டும் 1955-இல் வந்து சேர்ந்தது. பிடி பெரும்பாலும் பீச் மரத்தால் ஆனது. வெளிர்மஞ்சள் நிறத்தில், மேலே மெல்லிய வார்னிஷுடன் வரும். ஓரிரு ஆண்டுகள் நாள்தோறும் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் பயன்படுத்தினால், உள்ளங்கை படும் இடத்தில் அந்த வார்னிஷ் தேய்ந்து, வியர்வையும் அழுக்கும் இறங்கிப் பிடி திட்டுத்திட்டாகிவிடும். அப்படி ஆன கத்தியைப் புதுப்பிக்க விரும்புகிறவர்களுக்கும், வாங்கிய நாளிலிருந்தே கறுப்புப் பிடி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பிடிக்கு நிறம் ஏற்றுவது என்றவுடன் பெயின்ட் டப்பாவை எடுப்பதுதான் பலரின் வழக்கம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கறுப்பு இனாமலை இரண்டு முறை பூசி, காயவைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியிலிருந்த மஞ்சள் மரம் எட்டிப் பார்த்தது. கதவுக்கும் சன்னலுக்கும் பூசும் பூச்சு, ஒரு நாளில் நூறு முறை கை பிடித்துத் திருகும் பொருளில் நிற்காது. மேலே படியும் நிறத்தைவிட, மரத்தின் நாருக்குள் இறங்கி அங்கேயே உண்டாகும் நிறம்தான் கத்திப் பிடிக்கு ஏற்றது. அந்த நிறத்தைப் பெறக் கடுக்காய், வினிகர், இரும்பு ஆகிய மூன்றும் போதும்.

இது புதிய உத்தியே அன்று. கடுக்காய்த் தோலிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், கரைந்த இரும்போடு சேர்ந்தால் அழுத்தமான கருநீலக் கறுப்பு உண்டாகும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இந்தச் சேர்க்கையால்தான். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் முன்கூட்டியே நனைத்து உலர்த்திவிட்டு, வெல்லக் கரைசலில் இரும்புத் துண்டுகளை ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீரால் அதன்மேல் வரைவார்கள். எழுதுகோல் படும் இடமெல்லாம் கறுத்துவிடும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே வழியில் வந்ததே. ஐரோப்பியத் தச்சர்கள் ஓக் மரத்தைக் கருங்காலிபோல் காட்டுவதற்கு வினிகரில் ஊறிய இரும்பைப் பூசினார்கள். ஓக் மரத்திலேயே டானின் மிகுதி என்பதால் அவர்களுக்கு இரும்புக் கரைசல் மட்டுமே போதுமானதாக இருந்தது. பீச் மரத்தில் டானின் மிகக் குறைவு. இரும்புக் கரைசலை மட்டும் பூசினால் அழுக்குச் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். ஆகவே டானினை நாமே முதலில் ஊட்டவேண்டும். இந்த வேலையின் முழு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது.

இரும்புக் கரைசலை முதலில் போட்டுவையுங்கள்

இரும்புக் கரைசல் தயாராக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அதை முதலில் தொடங்கிவிடுவது நல்லது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் 100 மில்லி எடுத்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். பெயின்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் மரவேலைக்கென்று விற்கும் மெல்லிய ஸ்டீல் வூலில் ஓர் எலுமிச்சை அளவு பிய்த்து, சோப்பு நீரில் நன்கு அலசி, அதிலுள்ள எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு வினிகருக்குள் அமிழ்த்துங்கள்.

இங்கே ஒரு தவறு நேர்வதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு, எனக்கே நேர்ந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். வினிகர் ஊற்றிய நாளில் இருந்தபடியே தெளிவாக இருந்தது. அந்தச் சுருள்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. வினிகரில் கரையாமல் இருப்பதே அவற்றின் இயல்பு. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், ஒரு சிறு துண்டை நனைத்து ஓர் இரவு வெளியே வைத்துப் பாருங்கள். காலையில் செந்துரு படிந்திருந்தால் அது நமக்கு உதவும். ஸ்டீல் வூல் கிடைக்காத ஊரில், பழைய இரும்பு ஆணிகளும் கடைசல் பட்டறையில் விழும் இரும்புச் சுருள்களும் போதும். நாள் மட்டும் சற்றுக் கூடும். துத்தநாகம் பூசிய வெள்ளை ஆணிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு சிறு குமிழ்களாக மேலெழும். ஆகவே மூடியை இறுக்காமல், தூசி விழாத அளவுக்கு மட்டும் மேலே வைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் புட்டியை வைக்கவேண்டும். போட்ட இரும்பு முழுவதும் கரைந்து மறையட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நூற்றுக்கு நான்கு பங்கு அமிலமுள்ள 100 மில்லி வினிகரால் இரண்டு கிராமுக்கும் சற்றுக் குறைவான இரும்பைத்தான் கரைக்க முடியும். மிச்சம் அடியில் கிடக்கும், அதுவே போதும். குமிழ் அடங்கி, நீர் சாம்பல் நிறத்துக்கோ வெளிர்பழுப்புக்கோ வந்ததும், பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் பூசினால் மிதக்கும் இரும்புத் துகள்கள் மரத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் துருப்புள்ளிகளாகத் தெரியும்.

அன்னபேதியை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி நீரில் கரைத்தாலும் கறுப்பு உடனே கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் அது இரும்பு சல்பேட். டானினோடு சேரும்போது கந்தக அமிலத்தை மிச்சம் வைக்கிறது. இவ்வகை மையால் எழுதிய பழைய ஐரோப்பியச் சுவடிகளில் எழுத்து இருந்த இடத்தில் தாள் அரித்துத் துளை விழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வினிகரின் அமிலமோ காயும்போது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். நெடுநாள் உழைக்கவேண்டிய பிடிக்கு வினிகர் வழியையே நான் பரிந்துரைக்கிறேன்.

அலகைக் காப்பது

கத்தியைத் திறந்து, வளையத்தைச் சுழற்றிப் பூட்டிக்கொள்ளுங்கள். அலகை மடக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால் பிடியின் பள்ளத்துக்குள் தூரிகை போகாது. அமிலமும் அலகின் மேல் வடியும். அட்டையை மடித்து அலகுக்கு உறைபோல் போட்டு, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இறுகச் சுற்றுங்கள். கூர்ப்பக்கத்தில் அட்டை இரண்டு மடிப்பாவது இருக்கவேண்டும். உறையில்லாத அலகோடு பிடியைத் தேய்க்க ஆரம்பித்தால், கை எப்போதாவது ஒருமுறை வழுக்கத்தான் செய்யும். உலோக வளையங்களையும் டேப்பால் மூடிவிடுங்கள்.

அலகில் என்ன பொறித்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 'இனாக்ஸ்' என்ற சொல் இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. பெரிய கவலை இல்லை. 'கார்போன்' என்று இருந்தால், கடுக்காய் நீரோ வினிகரோ ஒரு துளி பட்டாலும் நீலக்கறை விழும். அதற்கு உறை போடும் முன் அலகு முழுவதும், குறிப்பாக அது பிடிக்குள் நுழையும் வேர்ப்பகுதியில், எண்ணெயை மெல்லப் பூசிவிடுங்கள். அந்த எண்ணெய் மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், ஏனெனில் எண்ணெய் குடித்த மரம் நிறத்தைக் குடிக்காது. சிலர் சுழல் வளையத்தைச் சர்க்ளிப் பிளையரால் விரித்துக் கழற்றிவிடுவதுண்டு. ஒரு மில்லிமீட்டர் அதிகமாக விரிந்தாலும் பிறகு அது தளர்ந்தே நிற்கும், பூட்டின் நம்பகம் போய்விடும். இந்த வேலைக்கு அதைக் கழற்றவேண்டிய தேவையே இல்லை.

வார்னிஷை நீக்குவது

நிறம் திட்டுத்திட்டாக வந்தது என்று வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். மேலே இருக்கும் வார்னிஷ் கண்ணாடிபோல் தெளிவானது. போய்விட்டதா இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 240 என்று மேலே செல்லுங்கள். எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே, அதாவது பிடியின் நீளவாட்டில், தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் வெறும் மரத்தில் தெரியாமல் இருந்து, கறுப்பு ஏறியதும் நகக்கீறல்போல் துலங்கும். பிடியின் அடிமுனை வளைவிலும், அலகு படுக்கும் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் வார்னிஷ் ஒளிந்துகொண்டிருக்கும். உப்புத்தாளை ஒரு தட்டையான ஐஸ் குச்சியில் சுற்றி அங்கெல்லாம் தேய்க்கலாம். பிடியின் மேலுள்ள ஓபினெல் முத்திரை இதில் அழியும் என்பதை முன்பே அறிந்துகொண்டு இறங்குங்கள். அதைக் காப்பாற்ற நினைத்துச் சுற்றிவர மட்டும் தேய்த்தால், அந்த இடம் மஞ்சள் தீவாக நின்றுவிடும்.

தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூளை நெடுங்காலம் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. பீச் போன்ற வன்மரங்களின் தூள் அதில் முன்னிற்பது.

வார்னிஷ் முழுதும் போனதா என்பதற்கு நீரே சோதனை. ஈரத்துணியால் பிடியை ஒருமுறை துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மரம் உடனே ஈரத்தைக் குடித்து நிறம் அழுந்தினால் அந்த இடம் தயார். நீர் முத்துப்போல் நின்றால் வார்னிஷ் இன்னும் இருக்கிறது. இந்த ஈரத்தால் மர நார்கள் சிலிர்த்து எழுந்து, காய்ந்ததும் கை வைத்தால் சொரசொரக்கும். அதை 320 எண் தாளால் இலேசாக நீவிவிட்டு, மீண்டும் ஒருமுறை நனைத்து, காயவைத்து, நீவுங்கள். இதை இப்போதே இரண்டு தடவை செய்து முடித்துவிட்டால், பின்னால் கறுப்பு ஏறிய மரத்தைத் தேய்த்து நிறத்தை இழக்கவேண்டி வராது.

கடுக்காய் நீர்

பத்துக் கடுக்காயை உடைத்து, உள்ளிருக்கும் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். துவர்ப்பு முழுவதும் தோலில்தான் இருக்கிறது. கால் லிட்டர் நீரில் அதைப் போட்டு, சிறுதீயில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரமோ கண்ணாடிப் பாத்திரமோ ஏற்றது. இரும்புச் சட்டியில் வைத்தால், மரத்தில் நிகழவேண்டிய மாற்றம் சட்டியிலேயே நிகழ்ந்து நீர் மையாகிவிடும். ஆறியதும் வடிகட்டினால் தேன்நிறத்தில் ஒரு கஷாயம் கிடைக்கும். கடுக்காய் கிடைக்காத இடத்தில் கட்டன்சாயாவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, நான்கு மடங்கு திடமாகக் காய்ச்சிப் பயன்படுத்தலாம். அதிலும் டானின் உண்டு; ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, பழுப்பு கலந்தே நிற்கும்.

கஷாயத்தைத் தூரிகையால் பிடி முழுதும் பூசுங்கள். கஷாயத்துக்குள் பிடியை முக்கி ஊறவைக்கலாமே என்று தோன்றும், அது வேண்டாம். பீச் மரம் ஈரத்தில் எளிதில் உப்பக்கூடியது. ஓபினெல் கத்தியை நீரில் போட்டுவைத்தால் பள்ளம் இறுகி அலகு அசையாமல் நின்றுவிடுவதை அதை வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிவர். ஒரு பூச்சு பூசி, நிழலில் இரண்டு மணி நேரம் காயவிட்டு, அடுத்த பூச்சைப் பூசுங்கள். மூன்று பூச்சு போதும். மரம் சற்றே மஞ்சள் கூடித் தெரியும். அதற்குமேல் எந்த மாற்றமும் இப்போது தெரியாது.

இரும்பு படும்போது

கையுறை அணிந்து, வேறொரு தூரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காய்த் தூரிகையை இரும்புக் கரைசலில் தோய்த்தால் புட்டி முழுவதும் கறுத்துக் கெட்டுவிடும். முதலில் அடிமுனையில் ஒரு சிறு இடத்தில் தொட்டுப் பாருங்கள். தொட்ட நொடியில் ஈரத்தின் ஓரம் சாம்பல் நிறமாகும். பத்து எண்ணுவதற்குள் அது ஊதா கலந்த நீலமாக மாறும். ஒரு நிமிடத்தில், மை கொட்டியதுபோல், ரேகைகளின் வழியே கறுப்பு ஓடிப் பரவும். பீச் மரத்துக்கே உரிய சிறு பழுப்புக் கோடுகள் முதலில் கறுத்து, அவற்றுக்கிடையே உள்ள வெளிர்மரம் பின்தொடர்ந்து கறுப்பதை அருகில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை கத்திக்குச் செய்தாலும் இந்த ஒரு நிமிடத்தை நான் தவறவிடுவதில்லை.

நிறம் பிடித்திருந்தால் நிறுத்தாமல் பிடி முழுவதும் பூசிவிடுங்கள். பாதியில் நின்று காய்ந்தால் அந்த எல்லை கோடாகத் தெரியும். பள்ளத்தின் உட்சுவரில் மேற்புறம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை மட்டும் பஞ்சுக் குச்சியால் தொட்டால் போதும், அடிவரை நனைக்கவேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கடுக்காய் நீர் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இரும்பு ஒரு பூச்சு, கடைசியாகக் கடுக்காய் நீர் ஒரு பூச்சு என்று முடிக்கவேண்டும். கடுக்காயில் முடிப்பதற்குக் காரணம் உண்டு. சேராமல் மிஞ்சிய இரும்பு மரத்தில் தங்கினால் நாளடைவில் துருநிறம் காட்டும். கடைசிப் பூச்சு அதையும் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். பிறகு ஈரத்துணியால், துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துடைத்துவிட்டு, ஒரு முழு நாள் நிழலில் காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் பிடியில் கீறல் விடும்.

மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கும்போது மனம் சோர்ந்துபோகும். இரவு கரிக்கறுப்பாக இருந்த பிடி, அடுப்புச் சாம்பலைப் பூசியதுபோல் வெளிறிக் கிடக்கும். வேலை கெட்டுவிட்டது என்று எண்ணி முழுவதையும் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவரை எனக்குத் தெரியும். கெடவில்லை. உலர்ந்த நார்களின் மேல் வெளிச்சம் சிதறுவதால் அப்படித் தெரிகிறது. எண்ணெய் பட்டதும் கறுப்பு திரும்பிவிடும்.

எண்ணெய் ஏற்றுவது

இதற்கு உலரும் எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் இறுகுவதில்லை. பிசுபிசுத்து, நாளாக ஆகச் சிக்கு நாற்றம் வீசும். மரவேலைக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகிப் படலமாகும். ஒரு துணியில் சில சொட்டுகள் விட்டுப் பிடி முழுதும் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் மேலே பிசினாக நிற்கும். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை இப்படிச் செய்து, கடைசியில் தேன்மெழுகைத் தொட்டுத் துணியால் மெருகேற்றினால் மங்கலான, கைக்கு இதமான பளபளப்பு வரும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெட்டவெளியில் காயவைத்தோ, நீரில் முழுக்க நனைத்தோதான் எறியவேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம்.

மரமல்லாத பிடிகளுக்கு இந்த முறை எடுபடாது. நைலான் கலந்த பிளாஸ்டிக் பிடிக்குக் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்தை வினிகர் கலந்த வெந்நீரில் கரைத்து ஏற்றலாம். வெளிர்நிறப் பிடியில்தான் அது தெரியும். விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் கத்திகளில் சாயமே தேவையில்லை. இருபக்கப் பிடித்தகடுகளும் ஆணித்தலைகளில் அழுத்திப் பொருத்தியவை என்பதால், நெம்பி எடுத்துவிட்டு வேறு நிறத் தகட்டை வாங்கி அழுத்திவிடலாம். மரப்பிடிக்கு மஞ்சளோ பீட்ரூட்டோ போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இரண்டும் வெயில் படப்படச் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதை அறிந்து செய்யவேண்டும்.

டேப்பையும் உறையையும் எடுத்தபின், வளையத்தை இருபுறமும் சுழற்றிப் பார்த்து, இடுக்கில் மரத்தூள் இருந்தால் பல்குச்சியால் நீக்கி, ஆணியருகே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். உணவு நறுக்கும் கத்தியென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் விடலாம். அலகு இறுக்கமாக நகர்ந்தால் வலிந்து இழுக்காமல், திறந்தபடியே இரண்டு நாள் காற்றாட வைத்தால் மரம் தன் அளவுக்குத் திரும்பும். அப்போதும் மடக்கிய அலகு வெளிவரத் தயங்கினால், வளையத்தைத் திறந்த நிலையில் வைத்துப் பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். நகம் கொடுத்து இழுக்கும் அளவுக்கு அலகு எழும். சவோய்க்காரர்களின் தட்டு என்றே அதற்குப் பெயர் உண்டு.

எலுமிச்சையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இரும்பும் டானினும் சேர்ந்த கறுப்பை எலுமிச்சையின் அமிலம் பிரித்துக் கரைத்துவிடும். எண்ணெய்ப் படலம் ஓரளவு காக்கும் என்றாலும், ஊறுகாய்க்குப் பழம் நறுக்கிய கையோடு பிடியைத் துடைத்துவிடவேண்டும். கவனிக்காமல் விட்டு ஓரிடம் வெளுத்துப்போனால், அந்த இடத்தை 320 எண் தாளால் நீவி, கடுக்காயையும் இரும்பையும் மறுபடி தொட்டு, எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். வேலையின்போது கையுறையைத் தாண்டி விரலில் ஏறிய கறையையும் அதே எலுமிச்சை மூடி போக்கிவிடும்.